சியாம் துளசிக் கோழி: வீட்டு அடுப்பில் ஆறாவது தடவை

சட்டியைச் சாய்த்தால் ஓரத்தில் எண்ணெய் மட்டும் ஒரு கோடாக நிற்கிறது. தண்ணீர் இல்லை. கோழித் துண்டுகள் ஓரம் சிவந்திருக்கின்றன, துளசி வாடியும் பச்சை மாறவில்லை. இந்த நிலைக்கு வர ஆறு தடவை சமைக்க வேண்டியிருந்தது, மொத்தம் 2.6 கிலோ கோழி. எங்கே தவறியது, எதை மாற்றியதும் சரியானது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சமையல் பட் கப்ராவ் கை. சியாம் (தாய்லாந்து) மொழியில் பட் என்றால் சட்டியில் கிளறி வறுப்பது, கப்ராவ் துளசி, கை கோழி. நம் தோம்யாம் (சியாம் சாப்பாட்டு) கடைகளில் கேட்டு வாங்கும் பாப்ரிக் வேறு. அது பட் பிரிக், அதாவது மிளகாய் வறுவல். வெங்காயம், கேரட், பயத்தங்காய் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் சாறோடு வரும். கப்ராவில் சாறு கிடையாது. சோற்றின் மேல் போட்டால் அடிச்சோறு நனையக் கூடாது. கஷ்டமே அதில்தான் இருக்கிறது.

இடம் பாடாங் செராய். மலேசியாவின் கெடாவில் இருப்பதால் சியாம் சாமான் கிடைப்பதில் சிரமமில்லை. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வழியாக வரும் மீன் சாஸ், சிப்பி சாஸ் எல்லாம் சந்துக் கடையிலேயே இருக்கும். அடுப்பு சாதாரண இரண்டு பர்னர் அடுப்பு, 14 கிலோ கேஸ் தோம் (சிலிண்டர்). பெரிய பர்னர் 4.5 கிலோவாட் என்று அடியில் ஒட்டிய தாளில் இருக்கிறது. கடையில் புஸ்ஸென்று இரைச்சலோடு எரியும் அடுப்பு இதைப் போல ஐந்தாறு மடங்கு சூடு தரும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தடவை நடந்த தவறுகளில் முக்கியமானவை, கடையின் அளவை வீட்டு அடுப்பில் போட்டதால் வந்தவை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சூடு பற்றவில்லை என்று ஹை பிரஷர் ரெகுலேட்டரை வாங்கி வீட்டு அடுப்பில் மாட்டாதீர்கள். வீட்டு அடுப்பின் குழாயும் பர்னரும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. சூட்டைக் கூட்ட முடியாது, சட்டியில் விழும் சாமானைத்தான் குறைக்க முடியும்.

முதல் தடவை: 500 கிராம் நெஞ்சுக்கறி, ஒட்டாத சட்டி, எல்லாம் ஒரே நேரத்தில். இரண்டாவது நிமிடத்தில் சட்டியில் தண்ணீர் ஏறிவிட்டது. சாய்த்து டம்ளரில் வடித்து அளந்தால் 60 மில்லி. கறி வறுபடவில்லை, அந்தத் தண்ணீரில் வெந்தது. நிறம் சாம்பல் வெள்ளை, கடித்தால் ரப்பர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கறி அரைக் கிலோ விழுந்ததும் சட்டியின் சூடு அப்படியே இறங்கிவிடுகிறது. கறியிலிருந்து கசியும் நீரை உடனுக்குடன் ஆவியாக்க இந்த பர்னரால் முடியவில்லை. தேங்கிய நீர் இருக்கும்வரை சட்டி 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதற்கு அதைவிட எவ்வளவோ அதிகச் சூடு வேண்டும். இன்னொன்று, ஒட்டாத சட்டியை அந்த அளவுக்கு வெறுமனே காய வைக்கவும் கூடாது, பூச்சு கெட்டுவிடும். அதோடு அந்தச் சட்டியை ஓரம் வைத்தாயிற்று.

இரண்டாவது தடவை நெஞ்சுக்கறிக்குப் பதில் தொடை. இந்த மாற்றம் கடைசிவரை நிலைத்தது. தொடையில் கொழுப்பு கொஞ்சம் கூட, அரை நிமிடம் அதிகமாக நின்றாலும் காய்ந்துபோகாது. பசாரில் கோழி வெட்டுகிறவரிடம் "தொடை மட்டும் அண்ணே, எலும்பு எடுத்துக் குடுங்க, எலும்பும் வேணும்" என்றால் போதும். அடுத்த தடவைகளில் 650 கிராம் தொடையில் தோலும் எலும்பும் போக 400 கிராம் கறி நின்றது.

சட்டியில்தான் தவறு. அடி உருண்ட 36 செ.மீ. இரும்புக் குவாலி (வாணலி), அது ஆடாமல் நிற்க ஒரு வளையம். வளையத்தின் மேல் வைத்ததும் குவாலியின் அடி தீக்கு மேலே எழும்பிவிட்டது. தீ பக்கவாட்டில் ஓடி, கைப்பிடிதான் சுட்டது. காயட்டும் என்று நான்கு நிமிடம் விட்டு, புகை வந்த எண்ணெயில் பூண்டைப் போட்டால் ஐந்து விநாடியில் கருகிவிட்டது. கருகிய பூண்டின் கசப்பை எந்த சாஸும் மறைக்காது. கறியும் 500 கிராமாகவே இருந்ததால் இந்த முறையும் தண்ணீர் விட்டது.

அதற்குப் பிறகுதான் 32 செ.மீ. தட்டை அடிச் சட்டி வாங்கியது. கார்பன் இரும்பு, 48 வெள்ளி (ரிங்கிட்). புதுச் சட்டியில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவியிருக்கும் பூச்சைச் சோப்பும் இரும்பு நாரும் போட்டுத் தேய்த்து எடுத்து, அடி நீலம் பாரிக்கும்வரை காய வைத்து, எண்ணெயில் ஒரு பிடி கூச்சாய்க் கீரையை (பூண்டு வாசமுள்ள கீரை) போட்டுப் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் தேய்த்தால் பழகிவிடும். கூடவே 22 வெள்ளிக்கு ஒரு சின்னத் தராசு. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் தராசு என்பேன். 200 கிராம் என்று கண்ணளவில் எடுத்தது இரண்டு முறை 290-ஐத் தொட்டிருந்தது.

மூன்றாவது தடவை 400 கிராமை இரண்டாகப் பிரித்து, 200 கிராமாக வறுத்தோம். முதல் முறையாகக் கறி சிவந்தது. ஆனால் பூண்டையும் மிளகாயையும் பிளெண்டரில் அரைத்தது தப்பு. கத்தி சுற்ற வேண்டுமென்று இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அந்த விழுது எண்ணெயில் விழுந்ததும் வெடித்துத் தெறித்தது, பிறகு கொதித்தது, வறுபடவே இல்லை. கல் உரலில் இடிப்பதுதான் சரி. பூண்டு நசுங்கி, மிளகாய்த் தோல் கிழிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்க வேண்டும். பூண்டின் பெரிய துண்டு அரிசி மணி அளவு. அதைவிடப் பொடியானால் கருகும், பெரிதானால் பச்சை வாசம் போகாது.

இலையும் அன்றைக்குத் தப்பு. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்தச் சமையல் கெடுவது பெரும்பாலும் இலையில்தான்.

சந்தையில் செலாசே என்று கட்டி விற்பது திருநீற்றுப்பச்சிலை வகை. சியாமில் அதற்குப் பெயர் ஹோரப்பா. தண்டு ஊதா, இலை வழவழவென்று மின்னும், நசுக்கினால் சோம்பு வாசம் அடிக்கும். சர்பத்தில் வழுவழுப்பாக மிதக்கிற சப்ஜா விதையும் இந்த இனத்தின் விதைதான். சியாம் பச்சைக் குழம்புக்கு (கிரீன் கறி) அது அருமை. கப்ராவில் போட்டால் கறி இனிப்பு வாசத்தோடு நிற்கும்; கெட்டுப்போகாது, ஆனால் அது வேறு சாப்பாடு.

கப்ராவ் இலை மின்னாது. மேலே மெல்லிய சுணை, ஓரம் ரம்பப் பல், தொட்டால் சொரசொரப்பு. நசுக்கினால் முதலில் மிளகு, பின்னாலேயே கிராம்பு. அது துளசியேதான், நம் வாசலில் நிற்கும் அதே இனம். மலாய்க்காரர்கள் ரூக்கு என்கிறார்கள். சியாமில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு வகை உண்டு, சிவப்புக்கு வாசம் தூக்கல். நம் துளசியில் கிராம்பு வாசம் முன்னே நிற்கும், மிளகுக் காரம் குறைவு. அதனால் கப்ராவ் 15 கிராம் போடுகிற இடத்தில் துளசி 10 கிராம் போதும். மீறினால் மருந்து வாசம் வந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் 200 கிராம் கறிக்குப் போட்டுப் பார்த்துத்தான் இந்த அளவுக்கு வந்தது.

மாடத்துத் துளசியை இதற்குப் பறிக்க வேண்டாம். பூசைக்கு வைத்தது பூசைக்கு. கறிக்கென்று தனித் தொட்டி, பின்கட்டில், கப்ராவ் வகையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பூ விடாத நுனித் தண்டு 10 செ.மீ. வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரில் நிழலில் வைத்தால் பத்து நாள் போல வேர் விடும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிறகு 30 செ.மீ. தொட்டியில் நட்டு, ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப் பறிக்கலாம். இங்கே பெய்கிற மழைக்குத் தொட்டியின் அடித்துளை அடைபட்டால் வேர் அழுகிவிடும். ஒரு செடி அப்படிப் போனது. பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளுங்கள். பூ முற்றினால் இலை சிறுத்துக் கசக்கும்.

நான்காவது தடவை சாஸில் போனது. மீன் சாஸ் தீர்ந்திருந்ததால் கிளந்தான் பூடு (பூண்டு அல்ல, budu என்கிற மீன் சாறு) ஊற்றிப் பார்த்தோம். இரண்டும் நெத்திலி மீனும் உப்பும்தான் என்றாலும் மீன் சாஸ் தெளிந்து வடிந்த நீர், பூடு மண்டியோடு கூடியது. அந்த மண்டி சட்டியின் அடியில் பிடித்துத் தீய்ந்தது. அதோடு கிச்சாப் மானிஸ் (இனிப்பு சோயா சாஸ்). அதிலிருக்கும் சீனி முழுத் தீயில் பத்து விநாடியில் கறுத்துக் கசந்தது. நிறத்துக்குக் கிச்சாப் பெக்காட் (கெட்டிக் கறுப்பு சோயா சாஸ்) மூன்றே மில்லி போதும், உப்புக்குக் கிச்சாப் மாசின் (உப்பு சோயா சாஸ்), இனிப்புக்குச் சீனியைத் தனியாக அளந்து போடுவது. மூன்று வேலையையும் ஒரே போத்தலிடம் விடக் கூடாது.

நிலைத்த அளவு, 400 கிராம் கறிக்கு: சிப்பி சாஸ் 20 மில்லி, கிச்சாப் மாசின் 10, மீன் சாஸ் 10, கிச்சாப் பெக்காட் 3, சீனி 6 கிராம், எலும்பு வேக வைத்த தண்ணீர் 20 மில்லி. ஒரு கிண்ணத்தில் சீனி கரையும்வரை கலக்கி வைத்துவிட வேண்டும். அடுப்பு எரிகிறபோது போத்தல் மூடியைத் திறந்துகொண்டிருக்க நேரமில்லை. உப்பு தனியாக வேண்டாம். சாஸ்களிலேயே ஏற்கெனவே இருக்கிறது.

ஐந்தாவது தடவை ஏறக்குறைய வந்துவிட்டது. கறி சரி, சாஸ் சரி, இலை கப்ராவ். இலையை மட்டும் சாஸுக்கு முன்னால் போட்டுவிட்டோம். சாஸ் வற்றுவதற்குள் இலை கறுத்துச் சுருண்டு, வாசமெல்லாம் சமையலறைக்குப் போயிற்று, தட்டுக்கு வரவில்லை.

ஆறாவது தடவை, நேரக் கணக்கோடு.

கறியைக் கத்தியால் கொத்துவது, 5 முதல் 8 மில்லிமீட்டர். கடையில் அரைத்த கறி வேண்டாம், அது கட்டியாகிவிடும். கொத்திய கறியைத் தட்டில் பரப்பி, மூடாமல், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரைமணி. எடுத்ததும் டிஷ்யூவால் ஒற்றினால் மூன்று தாள் நனையும். அந்த ஈரம் சட்டிக்குப் போகாத ஈரம். இரண்டு கிண்ணத்தில் 200, 200. பூண்டு 25 கிராம், சிலிப்பாடி (சின்ன ஊசி மிளகாய்) எட்டு, நீளச் சிவப்பு மிளகாய் இரண்டு, இடித்து இரண்டு பங்கு. பாதிச் சிலிப்பாடியின் விதையை எடுத்துவிட்டால் நெடி குறையும். என்றாலும் பின்கதவைத் திறந்து வைத்து, சின்னப் பிள்ளைகளை முன்ஹாலில் இருக்கச் சொல்லுங்கள்.

முட்டை முதலில். இந்த ஒரு வரிசை மாற்றம் பல வேலையைக் குறைத்தது. சட்டியை முழுத் தீயில் இரண்டரை நிமிடம் காய வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓட வேண்டும். 80 மில்லி எண்ணெய், 2.50 வெள்ளி பாக்கெட் பாமாயிலே போதும், அதிகச் சூடு தாங்கும். எண்ணெயில் மெல்லிய புகை இழை எழும்போது, ஃபிரிட்ஜிலிருந்து முன்பே எடுத்து வைத்த முட்டையை ஓரமாக உடைத்து விட்டு, கரண்டியால் எண்ணெயை மேலே மேலே ஊற்ற வேண்டும். 50 விநாடி. ஓரம் சரிகை போல மொறுமொறுக்கும், மஞ்சள் கரு தளதளவென்று நிற்கும். சியாமில் இதற்குக் காய் தாவ், நட்சத்திர முட்டை என்று பேர். இரண்டு முட்டை பொரித்து எடுத்தால் சட்டியும் காய்ந்திருக்கும், ஒட்டாத பதத்துக்கும் வந்திருக்கும்.

எண்ணெயைக் கிண்ணத்தில் வடித்துவிட்டுத் தீயைச் சிம்மில் வைக்கவும். வடித்ததிலிருந்து ஒன்றரைக் கரண்டி சட்டிக்கு. உடனே பூண்டு மிளகாய் ஒரு பங்கு. இங்கே 15 விநாடி கண் எடுக்கக் கூடாது. பூண்டின் விளிம்பு வைக்கோல் நிறத்துக்குத் திரும்பும், நடு வெள்ளையாகவே இருக்கும். அந்த நொடியில் கறியைப் போட்டு, தீ முழுசு. பொன்னிறம் ஆகட்டும் என்று காத்திருந்தால் கறி வேகும் நேரத்தில் அது கருகிவிடும்.

கறியைப் பரப்பி 40 விநாடி தொடாமல் விடுவது. கிளறக் கை பரபரக்கும், விடுங்கள். சத்தம்தான் கணக்கு. சடசடவென்று கூர்மையாகக் கேட்டால் வறுபடுகிறது. சத்தம் தணிந்து மொரமொரவென்று குமிழ் விட்டால் தண்ணீர் தேங்கிவிட்டது, அடுத்த பங்கில் கறியைக் குறைக்க வேண்டும். 40 விநாடியில் தட்டைக் கரண்டியால் அடியோடு சுரண்டிப் புரட்டி, கட்டியை உடைத்து, இன்னும் 70 விநாடி. ஒரு பெரிய துண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது.

கலக்கிய சாஸில் பாதி. நடுவில் அல்ல, சட்டியின் ஓரச் சுவரில் சுற்றி ஊற்ற வேண்டும். இறங்கி வருவதற்குள் கொதித்துக் கெட்டியாகி, லேசாகத் தீய்ந்த வாசம் வரும். 20 விநாடி கிளறினால் ஒவ்வொரு துண்டும் பளபளக்கும். அடுப்பை அணைத்த பிறகுதான் இலை. மூன்று புரட்டு, தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சட்டியின் மிச்சச் சூடே இலைக்குப் போதும்.

இரண்டாவது பங்குக்குச் சட்டியைத் துணியால் துடைத்து, ஒரு நிமிடம் காய வைத்து அதே வரிசை. துடைக்காமல் போட்டால் முதல் பங்கின் சாஸ் தீய்ந்து கசக்கும். பயத்தங்காய் வேண்டுமென்பவர்கள் உண்டு. கப்ராவில் அது கூடாது என்று அடித்துச் சொல்லும் சியாம்காரர்களும் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். போடுவதென்றால் 60 கிராம் பொடியாக நறுக்கித் தனியே வதக்கிக் கடைசியில் சேருங்கள். கறியோடு போட்டால் அதன் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

பக்கத்தில் மீன் சாஸ் இரண்டு கரண்டி, வட்டமாக நறுக்கிய சிலிப்பாடி மூன்று, கஸ்தூரிக்காய் எலுமிச்சை அரைப் பழம். பிரிக் நம் பிலா என்பது இதுதான். முட்டையின் மேல் நாலு சொட்டு.

செலவு, இரண்டு தட்டுக்கு: தொடை 7.50 வெள்ளி, முட்டை 90 காசு, பூண்டு மிளகாய் 1 வெள்ளி, சாஸ் எல்லாம் சேர்த்து 1 வெள்ளி, அரிசி 80 காசு, எண்ணெய் 30 காசு. அடுப்பு எரிந்தது மொத்தம் 14 நிமிடம். 14 கிலோ தோம் 26.60 வெள்ளி என்ற கணக்கில் கேஸ் 16 காசு. ஆக 11.70-க்குள், தட்டுக்கு 5.85. இலை தொட்டியிலிருந்து.

நறுக்கி இடித்து எல்லாம் தயாராக 35 நிமிடம். அடுப்பில் நிற்கும் நேரம் குறைவுதான், ஆனால் அதற்குள் எதையும் தேடப் போக முடியாது. கறி, இடித்தது, சாஸ், இலை, காலித் தட்டு, துடைக்கும் துணி, இந்த வரிசையில் அடுப்புக்கு வலப்பக்கம் வைத்துக்கொண்டது ஆறாவது தடவையில் மட்டும்தான்.

அடுத்த முறை இரண்டை மாற்றிப் பார்க்க வேண்டும். பங்கு 200 கிராமை 150 ஆக்கி மூன்று முறை வறுப்பது. இரண்டாவது பங்கில் கடைசி அரை நிமிடம் சத்தம் கொஞ்சம் தணிந்தது. சீனி 6 கிராமிலிருந்து 4. சிப்பி சாஸிலேயே இனிப்பு இருக்கிறது, தட்டின் கடைசி வாயில் அது தூக்கலாகத் தெரிந்தது. போத்தலில் வைத்த இரண்டாவது தண்டு நேற்று வேர் விட்டுவிட்டது. இந்த வாரம் தொட்டிக்கு மாற்ற வேண்டும், அடித்துளையில் ஓட்டுத் துண்டு போட்டு.